பங்காளிச் சண்டைகள்: ஆடி மாதக் குறிப்புகள்

ஜூலை 30, நீடாமங்கலம்
நாற்றங்கால் உழவு முடிந்தது. இரவு புறநானூறு 45. உறையூரில் நெடுங்கிள்ளி அடைபட்டுக் கிடக்கிறான். வெளியே முற்றுகை போட்டிருப்பவன் நலங்கிள்ளி. இரண்டு பேரும் சோழர்கள். எதிரில் நிற்பவன் பனம்பூச் சேரனுமில்லை, வேம்புப் பாண்டியனுமில்லை, இருவர் தலையிலும் சோழர் பூவான ஆத்திதான் என்கிறார் புலவர் கோவூர்கிழார். ‘ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே.’ உங்கள் சண்டையைப் பார்த்து மற்ற ராஜாக்கள்தான் குளிர்ந்துபோவார்கள் என்று முடிக்கிறார். முற்றுகைப் பாசறையில் நின்று இதைச் சொல்ல என்ன நெஞ்சுரம் வேண்டும்!

ஆகஸ்ட் 1
1914-இல் ஜெர்மனி ரஷ்யாவின்மீது போர் அறிவித்த நாள். ஜெர்மானியப் பேரரசர் கைசர் வில்ஹெல்ம், இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜுக்கு அத்தை மகன். ரஷ்யாவின் ஜார் நிக்கோலஸ் அதே ஜார்ஜுக்குச் சித்தி மகன். ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்கள். கடைசி நாட்களில் ‘வில்லி’, ‘நிக்கி’ என்று கையெழுத்திட்டுத் தந்திமேல் தந்தி அனுப்பிக்கொண்டார்கள். பிரான்ஸ் ஒதுங்கிவிடும்போல் அன்று சாயங்காலம் ஒரு சேதி வர, மொத்தப் படையையும் கிழக்கே திருப்பச் சொன்னார் கைசர். முடியாது என்றார் தளபதி மோல்ட்கே. ரயில் அட்டவணை உட்பட எல்லாம் முன்பே போட்டாயிற்று. நலங்கிள்ளி மனது வைத்தால் பொழுது சாய்வதற்குள் பாசறையைக் கலைத்திருக்கலாம், கைசரால் முடியவில்லை. (செப்டம்பர் 22 அன்று ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்டது. அவர்கள் வீட்டுச் சண்டை நம் வாசலுக்கும் வந்தது.)

ஆகஸ்ட் 4
மச்சான் வந்திருந்தார். “அந்தக் காலத்து ராஜாவை யாரு மாப்ளே கேள்வி கேட்டா? இப்ப பார்லிமெண்ட் இருக்குல்ல?” என்றார். இருக்கிறது. 1964 ஆகஸ்டில் வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் தன் கப்பல்கள் இரண்டாம் முறையும் தாக்கப்பட்டதாக அமெரிக்கா சொன்னது. அப்படியொரு தாக்குதல் நடக்கவே இல்லை. படை நடவடிக்கைக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட்டில் 88-2, கீழவையில் 416-0. வியட்நாம் முழுப்போருக்கு அதுவே அனுமதிச் சீட்டானது. கேட்க ஆள் இருந்தும் கேட்கவில்லை. கோப்பெருஞ்சோழன் பெற்ற பிள்ளைகள்மேலேயே படையெடுத்தபோது புலவர் புல்லாற்றூர் எயிற்றியனார் ஒருத்தர்தான் கேட்டார்: உனக்குப் பிறகு இந்த நாட்டை யாருக்கு விட்டுப்போவாய்? சோழன் போரை விட்டுவிட்டான்.

ஆகஸ்ட் 6
மழை. வரப்பில் கால் வைக்க முடியவில்லை. 1971 ஏப்ரலில் கிழக்கு வங்கத்துக்குள் (இன்றைய வங்கதேசம்) படையை அனுப்பும் பேச்சு எழுந்தபோது இந்தியத் தரைப்படைத் தளபதி மானெக்‌ஷா அவகாசம் கேட்டார். அங்கே மழைக்காலம் வந்தால் ஆறும் வயலும் ஒன்றாகிவிடும்; வடக்கே பனி விழுந்து கணவாய்கள் அடைபட்டால் சீனா பக்கம் பயமில்லை. அகதிகள் கோடியை நெருங்கிக்கொண்டிருந்தும் இந்திரா காந்தி பொறுத்தார். டிசம்பர் 3-இல் தொடங்கிய போர் 16-இல் டாக்காவில் முடிந்தது.

“ஜெயிச்சதாலதானே பாராட்டுறீங்க?” என்று மச்சான் போனில் மடக்கினார். 2003-இல் அமெரிக்கா படையெடுத்து ஈராக்கின் பாக்தாத்தும் மூன்றே வாரத்தில் விழுந்தது, காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதக் குவியலைத்தான் கடைசிவரை காணோம், அதை யாராவது பாராட்டுகிறார்களா என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.