மாடா, மோட்டாரா, கீற்றா?

2017-ல் சென்னை வேலையை விட்டுவிட்டு ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தபோது என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. தற்சார்பு வாழ்க்கைக்குக் கற்க வேண்டியவை என்று இருபத்து மூன்று விஷயங்களை வரிசை போட்டு எழுதியிருந்தேன். தேனீ, காளான், சோப்பு, பஞ்சகவ்யம், பால் கறப்பது, மண் வீடு, இன்னும் என்னென்னவோ. மனைவி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல சோறாக்குறது எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். அந்த நோட்டு இப்போதும் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் அடித்துவிட்டேன். போன மாதம் பழைய ஆபீஸ் நண்பன் ஒருவன் போன் செய்து, ஊரில் இரண்டு ஏக்கர் இருக்கிறது, வரலாமென்று பார்க்கிறேன், முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டான். போனில் அரைகுறையாகச் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் சோப்புக் கதை. காசு கட்டி இரண்டு நாள் வகுப்புக்குப் போனேன். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குக் கிட்டத்தட்ட 180 கிராம் காஸ்டிக் சோடா, தராசில் அளந்துதான் போட வேண்டும், சோடாவைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும், மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும். வெட்டிய பிறகு நாலு வாரம் காய வேண்டும். எல்லாம் சரியாகவே வந்தது, நல்ல சோப்புதான். ஆனால் எங்கள் வீட்டுக்கு மாதம் மூன்று சோப்பு போதும். மூன்று சோப்புக்காக நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு திரிவதைப் பார்த்து அப்பத்தா சிரித்தார். பொழுதுபோக்கு என்று தெரிந்தே செய்தால் தப்பில்லை. நான் அதை விவசாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாடு அப்படியில்லை, அது உண்மையான வேலை. இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகப் பேசிய நம்மாழ்வார் 2013-ல் போய்விட்டார், ஆனால் அவர் பேச்சைக் கேட்டு ஊர் திரும்பியவர்கள் எல்லோருக்கும் முதல் ஆசை ஒரு நாட்டு மாடாகத்தான் இருக்கும், எனக்கும் அப்படித்தான். கறக்கச் சித்தப்பா சொல்லிக் கொடுத்தார். கன்றை முதலில் ஊட்ட விட்டு, மடியைக் கழுவி, காம்பை முழுக்கையால் பிடித்து மேலிருந்து கீழாக விரல் விரலாக இறுக்க வேண்டும். நான் கட்டைவிரலை மடக்கி அழுத்தினேன், அப்படிச் செய்தால் காம்பு புண்ணாகும் என்று முதுகில் ஒரு தட்டு விழுந்தது. ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. அப்புறம் திருச்சியில் மச்சினிச்சி கல்யாணம் வந்தது. மூன்று நாள், காலையும் மாலையும் யார் கறப்பது? சித்தப்பாவும் கல்யாணத்துக்கு வருகிறார். கடைசியில் முகூர்த்தம் முடிந்த கையோடு பந்தியில் கூட உட்காராமல் பஸ் ஏறினேன். அந்த வருடமே மாட்டைச் சித்தப்பாவிடமே விட்டுவிட்டோம், சாணியும் கோமியமும் மட்டும் எனக்கு, மோரும் அவ்வப்போது வரும். பயிருக்குத் தெளிக்கும் பஞ்சகவ்யத்துக்கு அது தாராளம், பத்து லிட்டர் ஸ்பிரேயர் டேங்குக்கு 300 மில்லிதானே ஊற்றப் போகிறோம்.

அன்றிலிருந்து எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று நாள் போனால் இது என்ன ஆகும்? விதை எடுப்பது காத்திருக்கும். கத்தரிப் பழத்தை மஞ்சளாகும் வரை செடியிலேயே விட்டு, பிசைந்து கழுவி, சாம்பலில் புரட்டி நிழலில் காயப்போட்டால் போதும். பீர்க்கை இன்னும் சோம்பேறிக்கு ஏற்றது, காயை அப்படியே கூரையில் தொங்கவிட்டு ஆடியில் உடைத்துக்கொள்ளலாம். மோர்மிளகாயும் வடகமும் பங்குனி வெயில் பார்த்துக்கொள்ளும். இவற்றையெல்லாம் சொல்லிக் கொடுக்க எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள், அதுவும் ஒரு கணக்குத்தான். வீடியோ பார்த்துக் கற்ற வேலையில் ஒரு சந்தேகம் வந்தால் வீடியோவிடம் போய்க் கேட்க முடியாது.

கோழியில் நான் சறுக்கியதைச் சொல்லியே ஆக வேண்டும். கூண்டு கட்டுவது, அடை வைப்பது எல்லாம் ஆசை ஆசையாகக் கற்றேன். கூடையில் மணல், மேலே வைக்கோல், இடிக்கு முட்டை கெடாமல் இருக்க ஒரு அடுப்புக்கரியும் இரும்பு ஆணியும் போட வேண்டும் என்பார் அப்பத்தா, நானும் போட்டேன். இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சு. அடுத்த கோடையில் ஒரே வாரத்தில் பதினொரு உருப்படி போய்விட்டது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்துத் திருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி விழுந்தன. வெள்ளைக்கழிச்சல். ஏழாம் நாள் கண்ணில் விட வேண்டிய சொட்டு மருந்தும், எட்டு வாரத்தில் போட வேண்டிய ஊசியும் எனக்குத் தெரியாமல் இல்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறது. கூண்டின் அழகைப் பற்றி நான் செலவழித்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு போதும் அதற்கு.

ஆனால் என் நோட்டைத் தலைகீழாக்கியது கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை. பொழுது விடிந்து வெளியே வந்தால் தென்னை எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்கிறது, மின்கம்பங்கள் வயலுக்குள். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் பக்கம் போர்வெல் எல்லாம் பல நூறு அடி ஆழம், மோட்டார் ஓடாவிட்டால் குடிக்கக்கூடத் தண்ணீர் கிடையாது. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மணிக்கணக்குப் போட்டு முறை வைத்து டேங்கை நிரப்பினோம். தேனீ, காளான், மண் வீடு எழுதியிருந்த அந்த நோட்டில் "மோட்டார்" என்ற சொல்லே இல்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஊர் எலக்ட்ரீசியன் அண்ணனோடு வேலைக்குக் கூடவே போனேன், சம்பளமில்லாக் கையாளாக. மெயினை இறக்கிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதில் தொடங்கி, மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் முதலில் கண்டன்சரைப் பார், வயிறு உப்பியிருந்தால் மாற்று, ஸ்டார்ட்டர் பாயின்ட் கருத்திருக்கிறதா பார், ரிலே எதற்காக விழுகிறது என்று பார்க்காமல் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதே என்பது வரை. இதைப் போட்டோ எடுத்து யாருக்கும் காட்ட முடியாது. ஆனால் வருடத்துக்கு நாலு தடவையாவது கைகொடுக்கிறது, ஆளுக்குக் காத்திருந்து நாற்று காயும் கதை போய்விட்டது. மோட்டாரையே மேலே தூக்க வேண்டும் என்றால் நான் தொட மாட்டேன், அதற்கு ஆள் இருக்கிறார்கள்.

நண்பனுக்குச் சொன்னதும் இதுதான். போன வருடம் எதற்கெல்லாம் ஆள் தேடி அலைந்தாய், அப்பா எதற்கெல்லாம் அலைகிறார் என்று எழுது, அதில் மேலே இருப்பதைப் பிடி. அவன் தேனீயைப் பற்றித்தான் மறுபடியும் கேட்டான். சரி, வைத்துக்கொள் என்றேன், தேனீ மூன்று நாள் தனியாக இருக்கும்.

இப்போது நான் தென்னங்கீற்று முடையக் கற்கிறேன். புயலுக்கு அப்புறம் கொட்டகை போட மட்டை குவிந்து கிடந்தது, முடையத் தெரிந்தவர்கள்தான் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. மட்டையை இரண்டாகப் பிளந்து குளத்தில் ஊறப்போட்டு எடுத்து, காலை நீட்டி உட்கார்ந்து பேசிக்கொண்டே முடைகிறார், கையைப் பார்ப்பதே இல்லை. எனக்கு ஓரம் வரும்போது தளர்ந்துவிடுகிறது. ஒன்றும் சொல்லாமல் வாங்கி நாலு இலை பிரித்துவிட்டுத் திரும்ப என் மடியில் போடுகிறார்.