இரண்டு தட்டு

கரடி என் மணிக்கட்டில் இரண்டு முறை தட்டியது. “இன்னும் ரெண்டே ஃபோட்டோ தம்பி, முடிச்சுட்டுப் போயிடலாம்” என்றேன். விஷு நாள், மதியம் இரண்டரை மணி, வரிசையில் இரண்டு குடும்பம் மிச்சம். அந்த வாக்கியத்தைத்தான் இன்னும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கரடி வேஷத்துக்கு உள்ளே இருந்தவன் பதில் சொல்லவில்லை. அவன் கூடவே நின்று பார்த்துக்கொள்வது என் வேலை. வேஷத்துக்குள் இருக்கும்போது பேசக் கூடாது. பேசினாலும் இரண்டு அங்குல ஸ்பாஞ்சைத் தாண்டி வெறும் முனகலாகத்தான் வெளியே வரும். தட்டு வைத்திருப்பது அதனால்தான். ஒரு தட்டு என்றால் தண்ணீர் வேண்டும். இரண்டு தட்டு என்றால் போதும், உள்ளே கூட்டிப் போ. இரண்டு கையையும் தலைமேல் வைத்தால் இந்த நொடியே. சேர்ந்த முதல் நாளே அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

கணக்குப்படி அப்போது பதின்மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது. மற்ற மாதங்களில் ஒரு சுற்று 20 நிமிடம், பிறகு 40 நிமிடம் ஓய்வு. சித்திரையில் சுற்றை 15 ஆகக் குறைத்துவிடுவோம். மார்கழியிலும் தையிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று சித்திரையில் இருக்காது. பாலக்காட்டு வெயில் 40-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஆகவே இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது என்று என்னால் சொல்ல முடியும். சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அது அவனுக்கு அன்றைய ஐந்தாவது சுற்று. கரடிக்கு இரண்டு ஆள் உண்டு. மற்றவன் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தான். ஓய்வு 40 நிமிடத்திலிருந்து 15-க்கு வந்திருந்தது. கையில் கடிகாரம் இருந்தது, ஆனால் அதில் நான் அந்தச் சுற்றை மட்டும் எண்ணினேன், அந்த நாளை எண்ணவில்லை.

வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சூடு புரிவதில்லை. வியர்த்தால் உடம்பு குளிரும் என்று நினைக்கிறார்கள். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும், உண்மைதான். ஆனால் அது ஆவியாக வேண்டும். ரோமத் துணிக்குள் காற்று ஈரமாகவே நிற்பதால் வியர்வை சொட்டும், ஆவியாகாது. சொட்டுகிற வியர்வையால் குளிர்ச்சி இல்லை, உடம்பிலிருந்து நீரும் உப்பும் போவதுதான் மிச்சம். தலைக்குள் வைக்கிற சின்ன ஃபேனையும் பலர் தப்பாகவே மாட்டுகிறார்கள். முகத்தில் காற்று படட்டும் என்று உள்நோக்கி வைத்தால் அதே சூடான காற்றுதான் சுற்றும், கண்ணும் எரியும். பின்மண்டையில் வெளிநோக்கி வைக்க வேண்டும். அப்போதுதான் வாய் வலை வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும், மூச்சுக்காற்றும் தேங்காது. பவர் பேங்கைத் தலையில் வைக்காமல் இடுப்பில் கட்டி, வயரைக் கழுத்துப் பக்கம் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். இல்லையென்றால் குழந்தையைப் பார்க்கத் திரும்பும்போது கழன்றுவிடும்.

ஐஸ் மேலாடையும் உண்டு. பருத்தி பனியனுக்கு மேலே, ரோமத்துக்குக் கீழே. உறைந்திருக்கும் வரைக்கும் அது நல்ல துணை. உருகிவிட்டால் இரண்டு கிலோ வெந்நீர்ப் பையைச் சுமப்பதற்குச் சமம். அன்று ஜூஸ் கடைக்காரரும் அதே ஃப்ரீசரைத் திறந்து மூடிக்கொண்டிருந்ததால் மூன்றாவது சுற்றிலிருந்தே பைகள் சரியாக உறையவில்லை. தொட்டுப் பார்த்தேன். கொழகொழவென்று இருந்தது. இருந்தாலும் போட்டுவிட்டேன். ஒன்றுமில்லாததற்கு இது இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பே தப்பு. உருகியது உடம்பில் இருப்பதைவிட ஒன்றும் இல்லாமல் இருப்பதே மேல்.

கோயம்புத்தூர்க் குடும்பம்தான் முதலில் நின்றது. சித்திரை ஒன்றுக்கும் விஷுவுக்கும் எல்லையில் இருக்கிற வாளையார் தாண்டி வருகிற கூட்டம் அதிகம். “குழந்தை காலைல இருந்து கரடி கரடின்னே இருக்குதுங்கண்ணா, ஒரே ஒரு ஃபோட்டோ” என்று அந்த அம்மா கேட்டார். பாப்பாவுக்கு நான்கு வயது இருக்கும். கையில், விஷுவுக்குப் பெரியவர்கள் கொடுக்கிற கைநீட்டப் பணம் போல ஒரு பத்து ரூபாய்த் தாள். கரடிக்குக் கொடுக்க வைத்திருந்தாள்.

இந்த இடத்தில் மண்டியிடுகிற முறையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் சந்தேகம் முழுக்க அதில்தான் இருக்கிறது. சின்னக் குழந்தை வந்தால் கரடி நிற்கக் கூடாது, மண்டியிட வேண்டும். ஆறரை அடி உருவம் மேலிருந்து குனிந்தால் மூன்று வயசுக் குழந்தை வீறிட்டுவிடும். நேருக்கு நேராகவும் கூடாது, கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, கை இரண்டும் வெளியே தெரியும்படி. குழந்தைதான் கரடியிடம் வர வேண்டும், கரடி குழந்தையிடம் போகக் கூடாது. பெற்றோர் தூக்கிக் கொண்டுவந்து திணித்தால் நாங்கள் தடுத்துவிடுவோம். மோவாய்க்குக் கீழே எதுவுமே கண்ணுக்குத் தெரியாது என்பதால், கூட நிற்கிறவர் அரை அடி முன்னே நின்று குழந்தை எங்கே இருக்கிறது என்று கையால் அழுத்திச் சொல்ல வேண்டும். மண்டியிடும்போது முதலில் வலது முழங்கால். பாரம் இடது பாதத்தில். ஒரு கை தொடையில், அப்போதுதான் யார் உதவியும் இல்லாமல் எழுந்திருக்க முடியும். தலை மட்டும் மூன்று கிலோவுக்கு மேல். ரொம்பக் குனிந்தால் அது முன்னால் சரிந்து ஆளையும் இழுத்துக்கொண்டு போகும்.

அவன் இரண்டு முழங்காலையும் ஒன்றாக மடக்கி இறங்கினான்.

அதைப் பார்த்தேன். பார்த்தபோது அழகாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. பாப்பா ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள், ஃபோட்டோ விழுந்தது, சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். குழந்தைக்காக மண்டியிட்டானா, கால் மடங்கி விழுந்தானா? கரடியின் முகம் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சிரிப்பு தைத்து வைத்தது.

எழுந்திருக்கவில்லை என்பதால்தான் எனக்கு விளங்கியது. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். அடுத்த தப்பு அங்கே. திரைக்குப் பின்னால் உள்ள அறை நாற்பது அடி தூரம். அந்த நாற்பது அடியும் தலையைக் கழற்றாமலே நடத்திக் கூட்டிப் போனேன், அவன் இடது கையைப் பிடித்து நானே ஆட்டி டாட்டா காட்டிக்கொண்டு. குழந்தைகள் முன்னால் தலையைக் கழற்றக் கூடாது என்பது வேலையில் சேரும்போது கையெழுத்து வாங்குகிற விதி. ஆனால் முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது வேறு: மயக்கம் என்றால் நின்ற இடத்திலேயே துணியைத் தளர்த்து. இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டில் எதைச் செய்வது என்று யோசித்த நினைவே இல்லை. கால் தானாகத் திரையை நோக்கிப் போனது.

தலையைக் கழற்றக் கூடாது என்கிற அந்த விதி இந்தப் பக்கத்துக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்ததுண்டு. திருச்சூரில் ஓணத்துக்குப் பர்ப்படகப் புல்லை உடம்பில் கட்டிக்கொண்டு மரமுகம் போட்டு வருகிற கும்மாட்டி ஆட்டக்காரர், தெருமுனையில் முகத்தைத் தூக்கி நெற்றிமேல் வைத்துக்கொண்டு சாயா குடிப்பார். குழந்தைகள் பக்கத்திலேயே நின்று பார்ப்பார்கள். முகம் திரும்ப இறங்கியதும் அதே குழந்தைகள் அலறிக்கொண்டு ஓடுவார்கள். உள்ளே பக்கத்து வீட்டு மாமன்தான் இருக்கிறார் என்று தெரிவதால் கும்மாட்டி குறைந்துபோவதில்லை. திருச்சூர்ப் புலிவேஷக்காரர்களுக்குச் சாயம் பூசுவதையும் சுற்றி நின்று பார்க்கிறார்கள். தலை கழன்றால் குழந்தையின் உலகம் உடைந்துவிடும் என்பது ஸ்பாஞ்சுக் கரடியோடு சேர்ந்து வந்த எண்ணம். 1955 ஜூலை 17 அன்று அமெரிக்காவில் டிஸ்னிலாந்து திறந்தபோது அங்கேயும் கொளுத்துகிற வெயில்தான். பனிச்சறுக்கு நாடகக் குழு ஒன்றிடமிருந்து இரவல் வாங்கிய வேஷங்களைப் போட்டுத்தான் அன்று ஆட்கள் நடந்தார்கள். பனிமேடைக்குத் தைத்த உடுப்பு வெயிலில் நடந்தது.

ஆனாலும் அந்தப் பாப்பாவின் முன்னால் கரடியின் தலையைப் பிடுங்கியிருந்தால்? உள்ளே வெளிறிய முகம், வாயில் நுரை போல எச்சில். கும்மாட்டி சாயா குடிப்பதும் இதுவும் ஒன்றல்ல. அவளுக்காகத்தான் நடத்திக் கூட்டிப் போனேன் என்று சில நாள் நம்புகிறேன். சில நாள் நம்ப முடிவதில்லை.

திரைக்குப் பின்னால் செய்ததெல்லாம் சரியாகவே செய்தோம். தலையை எடுத்து, முதுகு ஜிப்பை இறக்கி, ரோமத்தை இடுப்புவரை உரித்து, மேலாடையைக் கழற்றி எறிந்து, கால் உயரமாக வைத்துப் படுக்க வைத்தோம். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி, மேலே பெரிய ஃபேன். பேர் என்ன, இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டேன். இந்தக் கேள்விகள் முக்கியம். பதில் குழறினாலோ சம்பந்தமில்லாமல் வந்தாலோ அது வெறும் சோர்வில்லை, வெப்ப மயக்கத்தைத் தாண்டிய நிலை. அப்போதே 108-க்குக் கூப்பிட வேண்டும். அவன் “விஷு” என்றான். ஒரு முறை வாந்தி எடுத்தான். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கரைத்து, வாய் வாயாக. மடக்கென்று குடித்தால் திரும்பவும் வெளியே வந்துவிடும்.

கொஞ்சம் தெளிந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: “அண்ணா, பாப்பாவுக்காகத்தான் குனிஞ்சேன். எழுதிராதீங்க.”

வேஷம் போடுகிறவர்களுக்குச் சுற்றுக்கு இவ்வளவு என்று கூலி. பதிவேட்டில் மயக்கம் என்று எழுதினால் சித்திரை முழுக்கக் கரடி கிடைக்காது. நான் ‘களைப்பு’ என்று எழுதினேன். மறுநாள் அவனை வேஷம் போட விடவில்லை, ஒருமுறை சூட்டில் விழுந்த உடம்பு அடுத்த சில நாளில் இன்னும் எளிதாக விழும். ஆனால் அதையும் ‘லீவு’ என்றுதான் எழுதினேன்.

பிறகு முறையை மாற்றினோம். கஞ்சிக்கோடு வழியாகப் போகிற ரயில் எஞ்சினில் ஓட்டுநர் குறிப்பிட்ட நேரத்துக்குள் எதையும் தொடவில்லை என்றால் எச்சரிக்கை வந்து, அதற்கும் அசையவில்லை என்றால் பிரேக் விழுமாம். அதே போல. இப்போது கரடி தட்ட வேண்டியதில்லை. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நான் விரலை அழுத்துகிறேன், அவன் திருப்பி அழுத்த வேண்டும். அழுத்தவில்லை என்றால், என்ன வரிசை நின்றாலும் உள்ளே. சைகை செய்யத் தெம்பில்லாதவனிடம் சைகையை எதிர்பார்ப்பது பைத்தியக்காரத்தனம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அதை நம்பவும் செய்கிறேன். ஆனால் அன்று அவன் சைகை செய்தான். நான்தான் கேட்கவில்லை. இந்தப் புது முறை அதற்கு என்ன பரிகாரம் என்று எனக்குத் தெரியவில்லை. கூலி வேண்டும் என்பதற்காகப் பையன்கள் கடைசிவரை அழுத்திக்கொண்டே இருப்பார்கள் என்பதும் தெரியும்.

இரண்டு தட்டா, ஒன்றுதானா என்றும் சில சமயம் குழம்புகிறது. கூட்டத்தில் யாராவது இடித்திருக்கலாம்.

அந்த ஃபோட்டோ நன்றாக வந்ததால் கவுண்டரில் மாதிரிக்கு ஒரு பிரதி ஒட்டியிருக்கிறார்கள். மஞ்சள் கவுன் போட்ட பாப்பா, கரடியின் தோளில் அவள் கன்னம், பத்து ரூபாய்த் தாள் கசங்கி ரோமத்தில் ஒட்டிக்கொண்டு. ஓரத்தில் என் கை மட்டும் தெரிகிறது. அதன்மேல் கரடியின் கையுறை. படத்தில் அது தட்டவில்லை, மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்திருக்கிறது.