பெட்டியில் வந்த மென்பொருளும் திறக்க மறுக்கும் கோப்புகளும்

அடோபி நிறுவனத்தின் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7.0 வெளிவந்த 2001ஆம் ஆண்டில், நாகர்கோவிலில் ஒரு மென்பொருளை முறையாக விலை கொடுத்துப் பெட்டியோடு வாங்க நினைத்தவர் பெரும்பாலும் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. அல்லது உள்ளூர்க் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்து, சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சல் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அலமாரி நிறைய வண்ணப் பெட்டிகளை அடுக்கிவைத்து விற்கும் கடைகள் நம் மாவட்டத்தில் பழக்கத்தில் இருந்ததில்லை. ஆகவே, பெட்டிக் காலம் முடிந்து பதிவிறக்கக் காலம் வந்தது என்று பெருநகரத்தார் சொல்லும் வரலாற்றை அப்படியே எடுத்து நமக்குப் பொருத்த முடியாது.

உண்மையில் இங்கே டிடிபி சென்டர்களிலும் அச்சகங்களிலும் ஓடியவற்றில் பெரும்பகுதி நகலெடுத்த சிடிகள்தாம். பணம் கொடுத்து வாங்கியே தீர வேண்டியிருந்தவை கணக்கு எழுதும் டேலியும், ஸ்ரீலிபி போன்ற தமிழ் எழுத்துரு மென்பொருள்களும். காரணம் நேர்மை அன்று. டாங்கிள் என்ற பூட்டு. கணினியின் பின்புறம் பிரிண்டர் செருகும் இடத்தில் அந்தச் சிறு கட்டையை மாட்டாவிட்டால் மென்பொருள் இயங்காது. பெட்டிக்குள் சிடி, தடித்த கையேடு, பதிவு அட்டை, டாங்கிள் என எல்லாம் இருக்கும். நான் தொழில் பழகிய இடத்து முதலாளி, "பெட்டிய களஞ்சிராத மக்கா, நம்பர் அதுலதான் கெடக்கு" என்று ஒவ்வொரு முறையும் எச்சரிப்பார். மென்பொருளை நிறுவும்போது கேட்கும் அந்த எண் ஒட்டிய அட்டைதான் அவருக்குக் கடையின் பத்திரம்.

பத்திரம் என்றாலும் அது முழு உரிமை தரவில்லை. சிடி உறையின் முத்திரையைக் கிழித்தாலே உரிம விதிகளை ஏற்றுக்கொண்டதாகப் பொருள் என்று பல நிறுவனங்கள் உறையின் மேலேயே அச்சிட்டிருந்தன. அதே 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, பெட்டியாகக் கடையில் வாங்கியவரிடமும் இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ ஒப்புதல் பெறச் சொன்னது. பெட்டி இருந்தபோதே அனுமதி கேட்கும் முறையும் தொடங்கிவிட்டது.

சட்டம் அப்போதும் சிடியைத்தான் பற்றிக்கொண்டிருந்தது. மென்பொருள் கண்ணுக்குத் தெரியாத அறிவுச் சொத்து, அதற்கு விற்பனை வரி கிடையாது என்று டாடா கன்சல்டன்சி ஆந்திர அரசுக்கு எதிராக வாதிட்டது. ஆயத்த மென்பொருளை ஓர் ஊடகத்தில் பதித்து விற்றால் அது சரக்கே என்று 2004 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிடி என்ற ஊடகமே மறையப்போகிற தருவாயில் அந்தத் தீர்ப்பு வந்தது என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகவே இருக்கிறது.

பதிவிறக்கம் ஏன் உடனே வரவில்லை என்பதற்குக் கணக்கே விடை சொல்லும். ஒரு சிடியின் கொள்ளளவு சுமார் 650 எம்பி. நொடிக்கு 56 கிலோபிட் டயல்-அப் இணைப்பில், வேகம் சிறிதும் குறையாவிட்டாலும் அதை இறக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் தொலைபேசிக் கம்பி அவ்வளவு நேரம் தாங்குமா என்பது வேறு கேள்வி. 2005இல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தபின், 256 கிலோபிட் வேகத்தில் அதே அளவை ஆறு மணி நேரத்துக்குள் இறக்க முடிந்தது. இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரையிலான பயன்பாட்டைக் கணக்கில் சேர்க்காத திட்டமும் இருந்ததால், அலாரம் வைத்து எழுந்து பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டு மறுபடி படுத்தவர்கள் பலர். முதலில் இப்படி வந்தவை இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவசத் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள். உபுண்டு என்ற இலவச இயங்குதளம் மட்டும் 2011 வரை சிடியைத் தபாலில் இலவசமாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டுதான் ஆப்பிள் தன் லயன் இயங்குதளத்தை முதன்மையாகப் பதிவிறக்கமாக விற்றது. 2013இல் அடோபி, தன் வடிவமைப்பு மென்பொருள் தொகுப்பான கிரியேட்டிவ் சூட்டின் புதிய பதிப்புகள் இனி வராது, சந்தா மட்டுமே என்று அறிவித்தது.

இதனால் நமக்கு நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்னையில் வெளியாகும் நாளிலேயே மார்த்தாண்டத்திலும் கிடைக்கிறது. மொத்தமாகப் பெருந்தொகை கொடுக்க முடியாத சிறு அச்சகம்கூட மாதச் சந்தா கட்டி முறையான பயனராகிறது. இடையில் மறைந்தவர் கடைக்காரர்; நிறுவித் தந்து, பழுது வந்தால் சைக்கிளில் வந்து பார்த்த அவருக்கு இப்போது சிசிடிவி வேலைதான் சோறு போடுகிறது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. கோயில் கொடை மலர்கள், தேவாலயப் பெருவிழா மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள் என்று இந்த மாவட்டத்தின் சிறு வரலாறு முழுவதும் பேஜ்மேக்கர் கோப்புகளில், எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கிறது. பேஜ்மேக்கருக்குப் பின் அடோபி கொண்டுவந்த இன்டிசைன், 2012இல் வந்த கிரியேட்டிவ் சூட் 6 (சிஎஸ்6) வரை அவற்றைத் திறந்தது. சந்தாவில் வரும் பதிப்புகள் திறப்பதில்லை. டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கான ஆதரவையும் அடோபி 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது. மாதந்தோறும் பணம் கட்டி எல்லாப் புதுமையும் பெறுகிற கடையில் அந்தப் பழைய மலர் திறக்காது. பேஜ்மேக்கர் சிடியும் எண்ணும் பழைய எக்ஸ்பி கணினியும் வைத்திருக்கிற கடையில் திறக்கும், ஏனென்றால் பேஜ்மேக்கர் நிறுவனத்தின் சர்வரிடம் ஒப்புதல் கேட்பதில்லை. அடோபியே சிஎஸ்2வுக்கான ஒப்புதல் சர்வரை மூடியபோது, முன்பே வாங்கியவர்களுக்கென, ஒப்புதல் தேவைப்படாத பிரதிகளை 2013 ஜனவரியில் தன் தளத்தில் வைக்க நேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனமும் மூடும்போது அப்படிச் செய்யும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

ஆகவே பழைய சிடிகளோடு வரும் விழாக் குழுவினரிடம் நான் முதலில் கேட்பது, எந்த எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு மென்பொருளின் டாங்கிள் யாரிடம் இருக்கிறது என்பதைத்தான். அது கிடைத்தால் எக்ஸ்பி கணினியில் திறந்து, பக்கங்களைப் பிடிஎப் ஆக்கி, எழுத்தை மட்டும் தனியே யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கிறேன். கிடைக்காவிட்டால் அச்சிட்ட மலரை ஸ்கேன் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.