கிரியேட்டினின் 1.4

நவம்பர் 6
அக்காவுக்கு கிரியேட்டினின், சிறுநீரகம் ரத்தத்திலிருந்து அகற்ற வேண்டிய கழிவு, 1.4. போன மாதம் 1.0.

நவம்பர் 6, இரவு
மஞ்சக்குப்பத்திலிருந்து மாமா திரும்பத் திரும்பப் போன் செய்கிறார். "கிட்னி போயிடுச்சா மாப்ளே?" நீர்க்கடுப்புக்குக் கொடுத்த மாத்திரையில் ட்ரைமெத்தோப்ரிம் என்ற கிருமிக்கொல்லி இருக்கிறது. சிறுநீரகம் கழிவை வடிகட்டி வழியாக மட்டுமல்ல, அதை அடுத்த நுண்குழாயின் செல்கள் வழியாகவும் வெளியே தள்ளும். அந்தக் குழாய் செல்லின் வாசலை மருந்து அடைத்துக்கொண்டால் கிரியேட்டினினில் ஒரு பங்கு ரத்தத்திலேயே தங்கும். வடிகட்டி நன்றாக இருந்தாலும் எண் ஏறும். இன்னொரு கழிவான யூரியா 28தான், அது ஏறவில்லை. ஆனால் பொட்டாசியம் அளவு மீறி 5.4. டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினையும் நிறுத்தச் சொன்னது ரொம்பச் சரி, அதுவும் அதே வாசல் வழியாகத்தான் வெளியேறுகிறது.

நவம்பர் 7
வகுப்பில் பெனிசிலின் கதை சொன்னேன். 1941-இல் முதல் நோயாளிக்குக் கொடுத்த மருந்து பற்றாமல், அவருடைய சிறுநீரிலிருந்தே அதைப் பிரித்தெடுத்து மறுபடி ஏற்றினார்கள். சிறுநீரகம் அவ்வளவு வேகமாக வெளியே தள்ளியது. அந்த வேகத்துக்குக் காரணம் வடிகட்டி இல்லை, குழாய் செல்கள். கடல்குதிரைக்கு வடிகட்டியே கிடையாது, குழாயை வைத்தே பிழைக்கிறது என்றதும் பின்வரிசையும் நிமிர்ந்து உட்கார்ந்தது. பாடம் முடியும்வரை அக்கா நினைவு வரவில்லை.

நவம்பர் 8
மழை. தூக்கமில்லை.

நவம்பர் 9
கடலூர் போனேன். அக்காவின் காலை அழுத்திப் பார்த்தேன், வீக்கம் இல்லை. "நீ படிச்ச கிட்னிதானே தம்பி, மறைக்காம சொல்லு" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் தவளக்குப்பம் தாண்டும்வரை ஒரே கணக்கு. நல்ல சிறுநீரகத்தில், வெளியேறும் கிரியேட்டினினில் 10 முதல் 20 சதவீதம்தான் குழாய் வழி போகிறது. அந்த 20-ம் முழுசாக அடைபட்டாலும் 1.0 என்பது 1.25 ஆகும். 1.4 ஆகாது. அது 1.4 ஆக வேண்டுமானால் குழாயின் பங்கு முன்பே 29 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். வடிகட்டி தேயத் தேயத்தான் அந்தப் பங்கு கூடும். அப்படியென்றால் போன மாத 1.0-ஐ நம்பி நிம்மதியாக இருந்தோமே, அதற்குள்ளேயே தேய்மானம் ஒளிந்திருந்ததா? இல்லை, இப்போதுதான் புதிதாக அடிபட்டிருக்கிறதா? அல்லது காய்ச்சலில் தண்ணீர் குடிக்காமல் கிடந்ததாலா? அப்படியானால் யூரியாவும் ஏறியிருக்க வேண்டுமே.

நவம்பர் 10
ரத்தத்தில் உள்ள சிஸ்டாடின் சி என்ற புரதத்தின் அளவைப் பார்க்க மாதிரி சென்னைக்குப் போயிருக்கிறது. குழாய் செல்கள் அதை வெளியே தள்ளுவதில்லை. வடிகட்டியின் நிலை மட்டும் தெரியும்.

நவம்பர் 11
பொட்டாசியம் 4.7! அப்பாடா.

நவம்பர் 12
ஓய்வு பெறும் விழாவுக்கு உரை கேட்கிறார்கள். எலிச் சிறுநீரகத்தை மெல்லிசாகச் சீவி, மருந்து உள்ளே ஏறுகிறதா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த காலம். 1997-இல், மருந்தைக் குழாய் செல்லுக்குள் ஏற்றும் ஒரு வாசலான ஓஏடி1-இன் மரபணுவைக் கண்டுபிடித்த சேதி வந்தபோது, இத்தனை நாள் அனுமானித்த வாசலுக்கு ஒரு முகவரி கிடைத்தது என்று லேபில் கத்தினேன். அதைப் பேசலாம். இப்போது எழுத உட்கார்ந்தால் 29 சதவீதம்தான் வந்து நிற்கிறது.

நவம்பர் 13
காலையில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மாலைக்குள் கிரியேட்டினின் வந்துவிடும், 1.0-க்கு இறங்கினால் வாசல் திறந்துவிட்டது என்று அர்த்தம். சிஸ்டாடின் இன்னும் வரவில்லை. மாமாவிடம் எதையும் முடிவாகச் சொல்லப் போவதில்லை, அந்த இரண்டாவது எண் வரும்வரை.