100 வாட்ஸ் பல்பும் ஆமைக்குஞ்சும்

கொங்குப் பக்கம் கோழி வளர்ப்பு தெரியாதவர்கள் குறைவு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த எனக்கும் நினைவில் அதிகம் நிற்பது கோழிதான். ஒரு நாள் குஞ்சு வந்து இறங்கினால் புரூடர் எனும் சூட்டுக் கூண்டில் பல்பைப் போட்டு முதல் வாரம் 35 டிகிரி வைக்க வேண்டும், அப்புறம் வாராவாரம் இரண்டு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும், கூளம் ஈரமானால் ரத்தக்கழிச்சல் வரும். இதெல்லாம் பண்ணை வைக்காதவர்களுக்கும் இங்கே அத்துப்படி. கோவையில் செல்லப்பிராணிகளுக்கு மருத்துவம் பார்க்கும் எனக்கு, ஆமைக்குஞ்சு விஷயத்தில் பெரிய தலைவலியே இந்த அறிவுதான்.

வருவது பெரும்பாலும் சல்கேட்டா குஞ்சுகள். சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியின் ஆமை. பாலைவனத்துப் பிராணி என்று கடைக்காரர் சொல்லி அனுப்பிவிடுவார். வீட்டில் கோழிக்குஞ்சு வளர்த்த அனுபவம் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் கண்ணாடித் தொட்டி, காய்ந்த மணல், மேலே 100 வாட்ஸ் பல்பு.

பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். "குளிருமேன்னுட்டு பல்பை நிறுத்தறதே இல்லீங்க டாக்டரு" என்றார் அந்த வீட்டம்மா. வெப்பமும் ஈரமும் காட்டும் மீட்டர் ஒன்றைத் தொட்டியின் மேல் விளிம்பில் ஒட்டியிருந்தார்கள். அதைக் கழற்றிக் குஞ்சின் பக்கத்தில் வைத்துச் சற்று நேரம் விட்டேன். ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே நின்றது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த மாதிரியான வெப்பத் துப்பாக்கி என் பையில் இருக்கும். பல்புக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த குஞ்சின் முதுகில் காட்டினால் 50 டிகிரி. ஒரு சாண் தள்ளித் தரையில் 29. ஓட்டின் ஒவ்வொரு தட்டும், அச்சுவெல்லத்தைக் கவிழ்த்து அடுக்கியது மாதிரி மேடுகட்டத் தொடங்கியிருந்தது. ஓரிடத்தில் குவியும் ஒளிக்கற்றை முதுகின் உச்சியைத்தான் வறுக்கிறது. வயிற்றுக்குச் சூடு போய்ச் சேருவதில்லை.

பாலைவனத்து ஆமை என்றாலும் அதன் குஞ்சுகள் மழைக்காலத்தை ஒட்டி வெளிவருபவை. வெயிலேறினால் வளைக்குள் போய்விடும். வளைக்குள் மண்ணின் ஈரம் உண்டு. மேடுகட்டுவதற்குப் புரதம்தான் காரணம் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். 2003-இல் வியன்னாவைச் சேர்ந்த வீஸ்னர், ஈபன் என்ற இரு ஆய்வாளர்கள் சல்கேட்டா குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தார்கள். வறண்ட சூழலில் வளர்ந்தவற்றுக்குத்தான் மேடு அதிகம். புரதத்தால் வந்த வித்தியாசம் சொற்பம். ஏறிய மேடு திரும்ப இறங்காது. இனி வளரும் பகுதியை வேண்டுமானால் சமமாகக் கொண்டுவரலாம்.

ஈரம் வேண்டும் என்றதும் எல்லா வீட்டிலும் வரும் கேள்வி, "சளி புடிச்சுக்காதுங்களா?" பிடிக்கும், ஈரத்தோடு குளிரும் சேர்ந்தால். சூடும் ஈரமும் சேர்ந்திருந்தால் அந்தப் பயம் வேண்டாம். அதனால் திறந்த தொட்டிக்குப் பதில் மூடியுள்ள பெட்டி சொல்கிறேன். விளக்கு, சூடு எல்லாம் மூடிக்குள்ளேயே இருக்க வேண்டும். அப்போதுதான் ஈரம் தங்கும். ஒரு மூலையில் ஓடு உயரத்தில் 35 டிகிரி, மற்ற இடத்தில் 27, 28, ஈரப்பதம் 80 சதவீதம் பக்கம். கோவையில் மார்கழி இரவு 20-க்குக் கீழே போகும். அப்போது வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர், கட்டாயம் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டோடு. சித்திரையில் அதற்கு வேலையே இருக்காது, தண்ணீருக்குத்தான் வேலை.

கீழே பரப்ப வேண்டியது நம் ஊர்ச் சரக்கு. பொள்ளாச்சியிலிருந்து கப்பலேறிப் போகும் தென்னைநார்த் துகளை வெளிநாட்டு ஆமைக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இங்கே இருப்பவர்கள் மணலைத் தேடிப் போகிறார்கள்! உப்பு போகக் கழுவிய ரகமாகக் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். நான்கு விரற்கடை ஆழம் பரப்பி மூலைகளில் தண்ணீர் ஊற்றினால் அடி ஈரமாகவும் மேல் பொலபொலவென்றும் இருக்கும். மேலேயும் சொதசொதத்தால் அடி ஓடு அழுகும். கோழிப்பண்ணையின் ஆழ்கூளத்தைக் கிளறிக் காயவைத்தே பழகிய கைகளுக்கு இது சொன்னவுடன் வராது. மறுமுறை போகும்போது கூளம் மறுபடி காய்ந்துதான் கிடக்கும்.

தினமும் வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம், தாடை வரை மட்டும் நனையும்படி விட்டால் குஞ்சு தானே குடிக்கும், கழிவும் போகும். அந்த வெள்ளைக் கழிவை விரலால் தேய்த்துப் பாருங்கள். மணல் மாதிரி நெருடினால் உடம்பில் நீர் போதவில்லை.

வெயில் காட்டுவது நல்லது, ஆனால் ஜன்னல் கண்ணாடி வழியே வருவதில் புற ஊதா பி கதிர் கிடையாது. காலை வெயிலில் பாதி நிழலுள்ள தட்டில் விடலாம். கண்ணாடித் தொட்டியோடு தூக்கி மொட்டைமாடியில் வைத்தால் வெந்துபோகும். வீட்டுக்குள்ளேயே வளர்ப்பதென்றால் அந்தக் கதிரைத் தரும் டியூப் விளக்கு வேண்டும்.

தீனிக்குக் கவலையே இல்லை. காங்கேயத்தில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் மாடு மேயும் கொழுக்கட்டைப் புல் ஆப்பிரிக்காவிலும் விளைவதுதான். இளம்புல், மல்பெரி இலை, செம்பருத்தி, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, கடித்துக்கொள்ளக் கணவாய் ஓடு. தக்காளி, பழம் வேண்டாம். பாலக்கீரையைத் தினசரி ஆக்காதீர்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வைத்தால் போதும். தட்டுகளுக்கு நடுவே வெளிர்நிறக் கோடு தெரிந்தால் வளர்கிறது என்று அர்த்தம். வேகமாக வளர்ந்தால் கெடுதல் என்பார்கள். ஈரம் சரியாக இருந்தால் வேகத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

நட்சத்திர ஆமையோடு வருகிறவர்களும் உண்டு. "இதுக்கும் மேடு இருக்குதுங்களே?" அதற்கு இயற்கையிலேயே ஓரளவு உண்டு. ஆனால் அதை வீட்டில் வைப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையில் ஒப்படைக்கச் சொல்லிவிடுகிறேன். சல்கேட்டாவையும் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு 40 கிலோவைத் தாண்டும் என்று சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். காங்கேயத்துக்காரர் ஒருவர் மட்டும், "கொறங்காட்டுல உட்டுக்கலாங்க" என்றார். பெரிதானபின் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் கிளுவை வேலி பத்தாது, அடியில் தோண்டிப் போய்விடும். அடித்தளம் இறக்கிக் கல்லுக்கட்டு வேண்டும் என்றேன். குஞ்சாக இருக்கும்வரை காக்கை, கீரி, நாய் மூன்றும் எதிரி என்பதால் பெட்டிதான்.