கை சூடேறட்டும்

பொள்ளாச்சியில் 22 வருடமாக வீணை சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு வந்ததும் முதல் 10 நிமிடம் யாரும் வீணையைத் தொடக்கூடாது. ஃபீஸ் கட்டுகிறவர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. “ஏனுங்க டீச்சர், முக்கால் மணி நேரக் கிளாஸ்ல கை தேய்க்கறதுக்கே பத்து நிமிசமுங்களா?” என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டவர் உண்டு.

நானும் ஒரு காலத்தில் அவர் கட்சிதான்.

ஒரு தை மாதம், கோவையில் ஒரு கல்யாண வரவேற்பு. ஏசிக் காற்று நேராக மேடையில் இறங்கியது. உட்கார்ந்த கையோடு தோடியை, அந்தக் கனமான ராகத்தை, எடுத்தேன். (வரவேற்புக்குத் தோடியா என்றால், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற தைரியம்தான்.) ஒரே மெட்டின்மேல் (தந்திக்கு அடியில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அதற்கு மேலே உள்ள இரண்டு மூன்று ஸ்வரங்களையும் அங்கேயே வரவழைப்பதுதான் வீணையில் கமகம். அன்று இழுத்த இழுப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. சுருதி எட்டவில்லை என்று காதுக்குத் தெரிகிறது, விரலோ மரக்கட்டை. சரி, பலத்தைப் போட்டு இழுப்போம் என்று இழுத்தேன். மறுநாள் காலையில் காபி டம்ளரைத் தூக்கியபோது முழங்கைக்குக் கீழே சுரீர் என்றது. அப்புறம் மூன்று வாரம் வீணை உறைக்குள் இருந்தது.

பிசியோதெரபி பார்த்த பெண் என் வலது கையை எடுத்து இடது முன்கையைப் பிடிக்க வைத்து, “இப்ப விரலை ஆட்டுங்க மேடம்” என்றார். தோலுக்கு அடியில் கயிறு கயிறாக ஏதோ நெளிந்தது. விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றனவாம். அவற்றின் நாண்கள் மணிக்கட்டு வழியாக விரலுக்குப் போகின்றன. குளிரில் கைக்கு வரும் ரத்தம் குறைகிறது, நரம்பும் மந்தமாகிறது. அத்தனை வருடம் நான் விரல் நுனியை மட்டும் ஊதி ஊதித் தேய்த்துக்கொண்டிருந்தேன்!

இப்போது தோளிலிருந்து தொடங்குகிறோம். தோளைச் சுழற்றி, முழங்கையை மடக்கி நீட்டி, மணிக்கட்டுக்கு வந்து, கடைசியில்தான் விரல். குளிர்ந்த விரலைப் பிடித்துப் பின்னால் வளைக்க நான் விடுவதில்லை. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீட்டுக்குள்ளேயே வீசும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம் கையை வைக்கச் சொல்வேன். அதற்கு மேல் வைத்தால் விரல் நுனியின் காய்ப்பு ஊறிப்போய், தந்தி அறுக்கும். ஈரத்தை நன்றாகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தந்தி துருப்பிடிக்கும். பிறகு முதல் தந்தியான சாரணியில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடம், மெதுவான முதல் காலத்தில், கமகமே இல்லாமல். தடிமனான மந்தரத் தந்தியை இழுப்பதெல்லாம் கடைசியில்.

போன மாதம் புதிதாக ஒரு சின்னப் பெண் சேர்ந்தாள். நான் சொல்வதற்கு முன்பே உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் சொல்லிக்கொடுத்தது அம்மிணி என்றேன்.

“எங்க அப்பத்தா பால் கறக்கறப்ப இப்பிடித்தானுங்க டீச்சர் தேய்க்கும். கை சில்லுன்னு இருந்தா மாடு பாலை அடக்கிக்குமாமுங்க.”

அன்றைக்கு அவளைத் தோளைச் சுழற்ற வைக்க எனக்கு 5 நிமிடம் ஆனது. அப்பத்தா அதைச் செய்வதில்லையாம்.