குமிழி உடைக்கிற வேலை

இயற்பியல் எம்.எஸ்சி. படித்த எங்களுக்கு அல்ட்ராசவுண்ட் என்றாலே இன்டர்ஃபெரோமீட்டர்தான். சின்ன உலோகக் கலத்தில் ஏதாவது ஒரு திரவத்தை ஊற்றி, 2 மெகாஹெர்ட்ஸில் ஒலியை அனுப்பி, மைக்ரோமீட்டரைத் திருகித் திருகி வேகத்தைக் கணக்குப் போடுவோம். உள்ளே ஒரு காற்றுக்குமிழி சிக்கினால் போதும், ரீடிங் கெட்டுவிடும். ஸ்கேன் சென்டரில் வயிற்றில் ஜெல் தடவுவதும் இதற்காகத்தான். நடுவில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. இப்படிக் காற்றை விரட்டியே பழகிய நான் காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது கொடுக்கப்பட்ட வேலை, குமிழி தயாரிப்பது. அதை ஒலியால் உடைத்து, சிகிச்சைக்கான மரபணுவைச் செல்லுக்குள் செலுத்துவதுதான் நோக்கம்.

பெரும்பாலும் 1 முதல் 5 மைக்ரான் அளவு, சிவப்பணுவைவிடச் சின்னது. மேலே கொழுப்பிலோ அல்புமின் புரதத்திலோ மெல்லிய ஓடு, உள்ளே ரத்தத்தில் எளிதில் கரையாத கனமான வாயு. ஐரோப்பாவில் 2001இல் அனுமதி பெற்ற சோனோவியூ என்ற குமிழி மருந்தில் இருப்பது சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு. துணைமின்நிலைய பிரேக்கர்களில் அடைத்திருக்கிறார்களே, அதே வாயு. இதயத்தையும் கல்லீரலையும் ஸ்கேனில் தெளிவாகப் பார்ப்பதற்கென்று வந்தவை இந்தக் குமிழிகள். ஒலியின் அழுத்தம் குறைவாக இருந்தால் குமிழி சுருங்கி விரிந்து எதிரொலி தரும். கூட்டினால் உடையும். உடையும்போது ஒட்டியிருக்கிற செல்லின் சவ்வில் துளை விழும், சில நொடிகளிலோ நிமிடங்களிலோ அது தானே மூடிக்கொள்ளும். மூடுவதற்குள் மரபணுவை உள்ளே தள்ளிவிட வேண்டும். சோனோபொரேஷன் என்பது இவ்வளவுதான்.

மரபணுவைக் கொண்டுசேர்ப்பதில் வைரஸ்தான் கெட்டிக்காரன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1999இல் பென்சில்வேனியாவில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் அடினோவைரஸ் வழியாக மரபணு செலுத்தப்பட்டபின் இறந்துபோனார். இன்னொரு சிக்கல், ஒருமுறை வைரஸைப் பார்த்த உடம்பு எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கி வைத்துக்கொள்ளும். அதே வைரஸை மறுபடி செலுத்துவது கடினம். குமிழிக்கு அந்தத் தொல்லை குறைவு. ஒலியை எங்கே குவிக்கிறோமோ அங்கேதான் உடையும் என்பது கூடுதல் வசதி.

இந்த ஊரில் ஆய்வுக்கூடம் என்று சொன்னால் அடுத்த கேள்வி ‘சிக்ரியா?’ என்பதாகத்தான் இருக்கும். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்த மின்வேதியியல் ஆய்வகம் 1953இலிருந்து இங்கே இருக்கிறதே. இல்லை, நான் வேறு இடம் என்று சொன்னதும் வீட்டுக்கார ஆச்சி, “ஸ்கேன்ல வைத்தியமுமா பாக்குறாக?” என்று கேட்டார். எங்களிடம் படம் காட்டும் கருவியே கிடையாது. ஒலியை உண்டாக்கும் ஒரு டிரான்ஸ்டியூசர், ஆம்ப்ளிஃபயர், தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். (ஸ்கேன் கருவி வாங்குவதென்றால் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு, படிவம் என்று தனி வேலை இருக்கிறது.) ஓடு அல்புமினில் செய்வது, முட்டை வெள்ளைக்கருவில் இருக்கிற மாதிரி ஒரு புரதம் என்று சொல்லிவைத்தேன். ஆச்சி முகப்பின் சுண்ணாம்புச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுலயும் முட்டதான் பூசியிருக்கு. நீங்க அத ரெத்தத்துக்குள்ள விடுறீகளாக்கும்” என்றார். அவ்வளவு சுருக்கமாக எங்கள் திட்ட அறிக்கையில்கூட யாரும் எழுதவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். செல்கள் தட்டின் அடியில் ஒட்டி வளரும். குமிழியோ மேலே மிதக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடாவிட்டால் துளை ஏது? அதனால் இருபக்கமும் மெல்லிய படலம் உள்ள சின்னப் பெட்டி போன்ற அறையில் செல்லை வளர்த்து, மூடி, தலைகீழாகத் திருப்பி, தொட்டித் தண்ணீருக்குள் வைப்போம். அப்போது செல் கூரையில் இருக்கும், குமிழி எழும்பிப்போய் அதில் ஒட்டும். தொட்டித் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதிலிருந்த காற்றை முதலில் எடுத்துவிட வேண்டும். அறைக்குப் பின்னால் ஒலியை விழுங்கும் ரப்பர் வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒலி திரும்பி வந்து மோதி, ஒரு மூலையில் செல்கள் செத்துக் கிடக்கும், அடுத்த மூலையில் எதுவுமே நடந்திருக்காது.

புரோபிடியம் அயோடைடு என்று ஒரு சிவப்புச் சாயம் இருக்கிறது. முழுசாக இருக்கும் சவ்வுக்குள் அது போகாது. ஒலி கொடுக்கும் முன்பே கலந்துவிட்டால் துளை விழுந்த செல்லெல்லாம் சிவக்கும். கொடுத்து முடித்து, துளை மூடும்வரை பொறுத்திருந்து கலந்தால் செத்தது மட்டும் சிவக்கும். எப்போது கலந்தார்கள் என்று தெரியாமல் ஒரு படத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனாலும் கருத்தரங்குகளில் அதை யாரும் கேட்பதில்லை. எல்லாருடைய கண்ணும் பச்சையில்தான். ஒளிரும் புரதத்துக்கான மரபணுவைச் செலுத்தி ஓரிரு நாள் விட்டால், மைக்ராஸ்கோப்பில் செல் பச்சையாக ஜொலிக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நூறு செல்லில் அறுபது செத்து, மிஞ்சிய நாற்பதில் இருபது ஒளிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 சதவீதம் வெற்றி என்று எழுதலாம், பொய்யில்லை. தொடங்கிய நூறை வைத்துப் பார்த்தால் 20தான். அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட முதல் கணக்கு மினுக்கும், இரண்டாவது கணக்கு ஒரு கட்டத்துக்குமேல் சரியும். தட்டில் செத்த செல்லைக் கழுவி ஊற்றிவிடலாம். நோயாளியின் இதயத்தசையில் அப்படிச் செய்ய முடியுமா?

சவ்வைத் தாண்டினாலும் பாதி வழிதான். மரபணுவைச் சுமந்துபோகும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிட், செல்லின் நியூக்ளியஸுக்குள் போனால்தான் மரபணு வேலை செய்யும். பிரிந்து பெருகும் செல்லில் நியூக்ளியஸின் உறை இடையில் கலையும், அப்போது நுழைந்துகொள்ளும். வளர்ந்த இதயத்தசைச் செல் அநேகமாகப் பிரிவதே இல்லை. நாங்கள் தட்டில் வளர்ப்பதோ வேகமாகப் பெருகும் ரகம். ஆக, எங்கள் எண்கள் எலியிடம் போனால் இறங்கும், மனிதரிடம் இன்னும் இறங்கும். இதை மாணவர்களிடம் முதல் வாரமே சொல்லிவிடுவேன். இப்போதெல்லாம் அட்டவணையில் ‘உயிரோடிருப்பவை’ என்ற பத்தியை முதலில் போடச் சொல்கிறேன், பச்சை அப்புறம்தான். முனகிக்கொண்டே போடுகிறார்கள்.